கடைமடையின் சேதியும் கம்பெனியின் கல்லாவும்

சென்ற சில வருஷங்களாகப் பெரிய பத்திரிகைகள் ஓர் ஊசியைப் பற்றி ஓயாமல் எழுதி வருகின்றன. வாரத்துக்கு ஒரு முறை போட்டுக்கொண்டால் பசி அடங்குமாம், உடம்பு இளைக்குமாம், சர்க்கரை வியாதி கட்டுக்குள் வருமாம். இந்தச் செய்தியைப் படிக்கிற தோழர்களில் பலர், "பசியை அடக்க ஊசியா? நமக்குப் பசிக்குச் சோறு கிடைத்தால் போதாதா? இது கொழுத்தவன் சமாசாரம்" என்று சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள்.

அந்தச் சிரிப்பு நியாயமானதே. ஆனால் பக்கத்தைப் புரட்டிவிடுவது சரியல்ல என்பது நமது கருத்து. அந்த ஊசிக்குப் பின்னால் மனித உடம்பைப் பற்றிய ஓர் அருமையான உண்மை இருக்கிறது. பொதுப்பணத்தில் நடந்த நூறாண்டுக்கு மேற்பட்ட ஆராய்ச்சி இருக்கிறது. அதைத் தன் சொத்தாக்கிக் கல்லா நிரப்பிய ஏகபோகத்தின் கதையும் இருக்கிறது. மூன்றும் ஆலைத் தொழிலாளிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் சம்பந்தமுள்ளவை.

உடம்புக்குள் ஒரு பாசனம்

வயிறு நிறைந்தது என்று நமக்கு எப்படித் தெரிகிறது? இரைப்பை முட்டினால் தெரியும் என்று நினைக்கிறோம். அது பாதி உண்மைதான்.

ஏரிப் பாசனம் தெரிந்த தோழர்களுக்கு மீதிப் பாதியை விளக்குவது சுலபம். தலைமடையில் மதகைத் திறந்துவிடுகிறோம். வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது. கடைமடை நனைந்ததும் அங்கிருந்து ஆள் வந்து சேதி சொல்கிறார். நீர்க்கட்டி மதகை இறக்குகிறார். சேதி வராவிட்டால் தண்ணீர் பாய்ந்துகொண்டே இருக்கும்; பயிர் அழுகும்.

உடம்பிலும் இதே ஏற்பாடு இருக்கிறது. இரைப்பைதான் ஏரி. அதன் கீழ்வாசல் மதகு. சிறுகுடல் வாய்க்கால். சிறுகுடலின் கடைப்பகுதியிலும் பெருங்குடலிலும் 'எல்' செல்கள் என்று ஒருவகை செல்கள் ஏராளமாக உட்கார்ந்திருக்கின்றன. உணவு வந்ததும் அவை இரத்தத்தில் ஒரு சேதியை விடுகின்றன. முப்பது அமினோ அமிலங்களை மணிபோல் கோத்த ஒரு சிறு சங்கிலிதான் அந்தச் சேதி. விஞ்ஞானிகள் அதை ஜி.எல்.பி.-1 என்று அழைக்கிறார்கள். இப்படி இரத்தத்தின் வழியே சேதி கொண்டுபோகும் பொருள்களுக்கு ஹார்மோன் என்று பெயர்.

சேதி புறப்பட்டால் மட்டும் போதுமா? கேட்கிற காது வேண்டாமா? இரத்தத்தில் எத்தனையோ ஹார்மோன்கள் ஓடுகின்றன. எல்லாச் சேதியும் எல்லாச் செல்லுக்கும் போய்ச் சேருவதில்லை. எந்தச் செல்லில் அதற்குரிய 'ஏற்பி' இருக்கிறதோ அந்தச் செல் மட்டுமே கேட்கும். ஜி.எல்.பி.-1 ஏற்பி 463 அமினோ அமிலங்களால் ஆன ஒரு புரதம். தையற்காரர் நூல் ஓட்டுவதுபோல அது செல்லின் சவ்வை ஏழு தடவை ஊடுருவி உள்ளும் வெளியுமாகப் போய்வருகிறது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் ஹார்மோன் வந்து உட்கார்ந்தவுடன் ஏற்பியின் உட்புறம் அசைகிறது; செல்லுக்குள் வேலை தொடங்குகிறது.

இந்த ஏற்பி எங்கெங்கே இருக்கிறது என்று பார்த்தால் அது செய்கிற வேலை விளங்கும். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களில் இருக்கிறது. இரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தால் இன்சுலினை அதிகமாகச் சுரக்கச் செய்கிறது. ஏறாவிட்டால் பேசாமல் இருக்கிறது. குடலிலிருந்து மூளைக்குப் போகும் வேகஸ் நரம்பில் இருக்கிறது. மதகை இறக்கச் சொல்கிறது. இரைப்பை மெதுவாகக் காலியாகிறது. மூளையின் அடிப்பகுதியிலும், பசியை ஆளும் ஹைப்போதலாமஸ் என்ற பகுதியிலும் இருக்கிறது. அங்கே "போதும்" என்ற உணர்வை எழுப்புகிறது.

இத்தனை வேலை செய்கிற ஹார்மோனுக்கு ஆயுள் மிகக் குறைவு. இரத்தத்தில் உள்ள ஒரு நொதி அதை உடனுக்குடன் வெட்டிவிடுகிறது. சுமார் இரண்டு நிமிஷத்தில் பாதி போய்விடும். சேதி சொன்னவன் வேலை முடிந்ததும் போய்விட வேண்டும் என்பது இயற்கையின் ஏற்பாடு.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. பசியும் திருப்தியும் வெறும் மனவலிமை விஷயமல்ல. "தின்று கொழுக்கிறான்", "வாயைக் கட்டத் தெரியாதவன்" என்று பருத்தவர்களைப் பழிப்பது அறியாமை. சேதியும் ஏற்பியும் ஆளுக்கு ஆள் மாறுகின்றன. உண்ணும் உணவைப் பொறுத்தும், உண்ணக் கிடைக்கும் நேரத்தைப் பொறுத்தும் மாறுகின்றன. கிரேக்க நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2010-ல் ஒரு பரிசோதனை வெளியிட்டார்கள். ஆரோக்கியமான 17 ஆண்களுக்கு ஒரே அளவு ஐஸ்கிரீமை ஒருநாள் 5 நிமிஷத்தில் தின்னக் கொடுத்தார்கள். இன்னொரு நாள் 30 நிமிஷத்தில் தின்னக் கொடுத்தார்கள். நிதானமாகத் தின்ற நாளில்தான் ஜி.எல்.பி.-1 அதிகமாகச் சுரந்தது. மெஷினை விட்டு ஓடி வந்து, சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து, நாலு கவளம் அள்ளிப்போட்டுக்கொண்டு மறுபடி மெஷினுக்கு ஓடுகிற தோழர்கள் இந்தப் பரிசோதனையை நினைவில் வைக்கட்டும்.

கண்டுபிடித்தவர்கள் யார்?

இந்த அறிவு ஒரே நாளில், ஒரே கம்பெனியின் சோதனைச்சாலையில் பிறந்ததல்ல.

1902-ல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர், குடலிலிருந்து கணையத்துக்கு நரம்பில்லாமலேயே இரத்தத்தின் வழியாகச் சேதி போவதைக் கண்டார்கள். அந்தப் பொருளுக்கு 'செக்ரிட்டின்' என்று பெயரிட்டார்கள். 'ஹார்மோன்' என்ற சொல்லையே ஸ்டார்லிங் 1905-ல்தான் முதன்முதலாக வழங்கினார்.

1964-ல் வேறொரு வியப்பு வெளிப்பட்டது. சர்க்கரையை வாய் வழியாகக் கொடுத்தால், அதையே இரத்தக் குழாயில் ஏற்றுவதைவிட அதிக இன்சுலின் சுரக்கிறது! அப்படியானால் குடல் ஏதோ சேதி அனுப்புகிறது என்று ஊகித்தார்கள். அது எந்தச் சேதி?

1980-களில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஜோயல் ஹேபனரின் குழுவினர், தூண்டில் மீன் என்னும் ஒரு கடல் மீனின் கணையத்தை ஆராய்ந்து, இந்த ஹார்மோனுக்கு இனமான சங்கிலியின் அடையாளத்தைக் கண்டார்கள். அதே மருத்துவமனையில் வேலை பார்த்த ஸ்வெட்லானா மொய்சோவ் என்ற பெண் விஞ்ஞானி, நீளமான அந்தச் சங்கிலியில் எந்தத் துண்டு உண்மையில் வேலை செய்கிறது என்பதைச் சரியாகக் கணித்து, அதைத் தன் கையாலேயே செய்து காட்டினார். 1987-ல் அது நிரூபணமாயிற்று. டென்மார்க்கில் யென்ஸ் ஹோல்ஸ்டும் அதே காலத்தில் அதே முடிவுக்கு வந்தார். 1992-ல் ஸ்விட்ஸர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகத்தில் பெர்னார்ட் தோரன்ஸ் ஏற்பியையே பிரித்தெடுத்தார். 1996-ல் லண்டன் ஹாமர்ஸ்மித் ஆஸ்பத்திரியில் ஸ்டீபன் புளூமின் குழுவினர், எலிகளின் மூளையில் ஜி.எல்.பி.-1-ஐச் செலுத்தினால் அவை தின்பதைக் குறைக்கின்றன என்றும், ஏற்பியை அடைத்துவிட்டால் அதிகம் தின்கின்றன என்றும் காட்டினார்கள்.

மருந்தாக மாறியதற்கு ஒரு பல்லிக்கும் பங்கு உண்டு. அமெரிக்கப் பாலைவனத்தில் 'கிலா மான்ஸ்டர்' என்ற விஷப்பல்லி வாழ்கிறது. நியூயார்க்கில், ஓய்வுபெற்ற போர்வீரர்களுக்கான சர்க்கார் ஆஸ்பத்திரியில் இருந்த ஜான் எங் என்ற டாக்டர், அதன் விஷத்தில் 'எக்ஸெண்டின்-4' என்ற பொருளைக் கண்டு 1992-ல் வெளியிட்டார். அது மனித ஹார்மோன் உட்காரும் அதே ஏற்பியில் உட்காருகிறது. ஆனால் நொதியால் சீக்கிரம் வெட்டுப்படுவதில்லை. அதிலிருந்து வந்த எக்ஸெனடைடு 2005-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஏற்பியைத் தட்டி எழுப்பும் முதல் மருந்து அதுதான்.

தோழர்கள் கவனிக்க வேண்டும். பல்கலைக்கழகம், பொது மருத்துவமனை, சர்க்கார் ஆஸ்பத்திரி - அடித்தளம் முழுவதும் இவற்றில் போடப்பட்டது. நாலைந்து நாட்டு மக்களின் பணமும் பல நாட்டு விஞ்ஞானிகளின் உழைப்பும் சேர்ந்தது. அந்த விஞ்ஞானிகளுக்குள்ளும் நியாயம் சுலபமாகக் கிடைக்கவில்லை. மொய்சோவின் பெயர் ஆரம்பத்தில் காப்புரிமைப் பத்திரங்களில் சேர்க்கப்படவில்லை. வருஷக்கணக்கில் போராடித்தான் அவர் தன் பெயரைச் சேர்த்துக்கொண்டார். 2024-ல் ஹேபனருக்கும், கம்பெனி விஞ்ஞானி லோட்டே பியெரே நுட்சனுக்கும் லாஸ்கர் பரிசு வழங்கப்பட்டபோது அவருக்கும் பங்கு கிடைத்தது.

ஒரு டாலரும் ஆயிரம் டாலரும்

இப்போது கம்பெனிக்கு வருவோம். செமாகுளூட்டைடு என்ற மருந்தைச் செய்தது டென்மார்க்கின் நோவோ நார்டிஸ்க் கம்பெனி. ஹார்மோனின் சங்கிலியில் சில மணிகளை மாற்றி, ஒரு கொழுப்பு வாலை ஒட்டவைத்து, இரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதத்தோடு அது ஒட்டிக்கொள்ளும்படி செய்தார்கள். இரண்டு நிமிஷ ஆயுள் ஒரு வார ஆயுளாயிற்று. இது கெட்டிக்கார வேலைதான். அதைச் செய்த விஞ்ஞானிகளின் உழைப்பை நாம் குறைத்துச் சொல்லவில்லை. அவர்களும் சம்பளத்துக்கு உழைப்பவர்களே.

ஆனால் இந்தக் கம்பெனி எப்படிப் பிறந்தது? 1921-22-ல் கனடாவின் டொராண்டோவில் இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் பாண்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் அதன் காப்புரிமையைத் தலைக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு 1923-ல் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நோயாளியின் உயிரை விலைபேசக் கூடாது என்பதுதான் நோக்கம். டென்மார்க் விஞ்ஞானி ஆகஸ்ட் குரோக் 1922-ல் டொராண்டோவுக்குப் போய் இன்சுலின் செய்ய அனுமதி வாங்கி வந்தார். 1923-ல் நார்டிஸ்க் தொடங்கியது. அங்கு வேலை பார்த்த சகோதரர் இருவர் வெளியேறி 1925-ல் நோவோவைத் தொடங்கினார்கள். இரண்டும் 1989-ல் ஒன்றாயின. ஒரு டாலருக்கு மனித குலத்துக்குத் தரப்பட்ட கொடையிலிருந்து முளைத்த கம்பெனி இது!

அந்தக் கம்பெனி என்ன செய்தது? 2024 மார்ச்சில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களும் மற்றவர்களும் சேர்ந்து ஒரு கணக்கு வெளியிட்டார்கள். சர்க்கரை வியாதிக்கான செமாகுளூட்டைடு ஊசியை ஒரு மாதத்துக்குச் செய்ய, நியாயமான லாபத்தையும் சேர்த்து, 89 சென்ட்டிலிருந்து 4 டாலர் 73 சென்ட் வரைதான் ஆகும் என்றார்கள். அப்போது அமெரிக்காவில் அதன் பட்டியல் விலை மாதம் சுமார் 970 டாலர். உடம்பு இளைக்க என்று விற்கும் அதே மருந்தின் விலை 1,349 டாலர். மருந்தின் அடிப்படைச் சங்கிலியைச் செய்வது ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர். ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் அதே இனம்தான். அதற்கு இந்த விலை!

2023-ல் இந்த ஒரு கம்பெனியின் பங்குச்சந்தை மதிப்பு, டென்மார்க் நாட்டு மக்கள் அனைவரும் சேர்ந்து ஒரு வருஷம் உண்டாக்கும் மொத்த உற்பத்தி மதிப்பையே தாண்டியது. பிறகு போட்டிக் கம்பெனி முளைத்தது. பங்கு விலை சரிந்தது. உடனே யார் தலையில் கை வைத்தார்கள்? 2025 செப்டம்பரில் சுமார் 9,000 பேரை வேலையிலிருந்து நீக்கப்போவதாக அறிவித்தார்கள். அதில் சுமார் 5,000 பேர் டென்மார்க்கிலேயே வேலை செய்தவர்கள். லாபம் ஏறியபோது பங்குதாரனுக்கு, இறங்கியபோது தொழிலாளிக்கு. பஞ்சாலைத் தோழர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல.

பணக்காரன் வியாதியா?

"சரி, அது அமெரிக்காவின் கதை, சர்க்கரை வியாதி பணக்காரனுக்குத்தானே வரும்?" என்று கேட்கலாம். அந்தக் காலம் போய்விட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னையிலுள்ள சர்க்கரை நோய் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2023-ல் வெளிவந்தது. அதன்படி நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் இந்த வியாதி இருக்கிறது. தீட்டிய வெள்ளையரிசி, இனிப்புத் தேநீர், கடையில் மலிவாகக் கிடைக்கும் மைதாப் பண்டம் - வயிற்றை நிரப்பும் மலிவான உணவுகள் இவைதான். பருப்பும் காய்கறியும் முட்டையும் விலை ஏறினால் முதலில் தட்டிலிருந்து மறைவது அவைதான். குடலின் கடைமடையிலிருந்து சேதி நன்றாகப் புறப்பட வேண்டுமானால் புரதமும் நார்ச்சத்தும் வேண்டும் என்கிறது விஞ்ஞானம். கூலி போதாதவனுக்குக் கிடைக்காமல் போவதும் அவைதான்.

செமாகுளூட்டைடை உடம்பு இளைப்பதற்கென்று கம்பெனி 2025 ஜூனில் இந்தியாவில் இறக்கியது. மாதத்துக்கு 17,345 ரூபாயிலிருந்து 26,015 ரூபாய் வரை விலை வைத்தது. நூற்பாலையிலே எத்தனை தொழிலாளிகளுக்கு மாதச் சம்பளமே அந்த அளவு வருகிறது? அதே வருஷம் நவம்பரில் விலையை 37 சதவிகிதம் வரை குறைத்தது. இரக்கமா காரணம்? இந்தியாவில் மருந்தின் காப்புரிமைக் காலக்கெடு 2026 மார்ச். அதன் பிறகு இந்தியக் கம்பெனிகள் பலவும் இதைச் செய்ய வழி திறக்கிறது. அதற்கு முன் பிடித்த வரை பிடிக்கலாம் என்ற எண்ணமே காரணம்.

காப்புரிமையைப் பற்றி ஒரு வார்த்தை. 1970-ல் நமது நாடு இயற்றிய சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை, செய்முறைக்கு மட்டுமே உண்டு என்றது. அந்தச் சட்டத்தின் நிழலில்தான் இந்திய மருந்துத் தொழில் வளர்ந்தது. பல நாட்டு ஏழைகளுக்கு மலிவு மருந்து கிடைத்தது. உலக வர்த்தக அமைப்பின் நிர்ப்பந்தத்தால் 2005-ல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. பொருளுக்கும் காப்புரிமை வந்துவிட்டது. ஆனாலும் சட்டத்தில் ஒரு வாசல் மிச்சம் இருக்கிறது. 2012-ல் புற்றுநோய் மருந்து ஒன்றுக்கு சர்க்கார் கட்டாய லைசென்ஸ் கொடுத்தபோது மாதம் சுமார் 2,80,000 ரூபாயாக இருந்த விலை 8,800 ரூபாய்க்கு இறங்கியது. மனமிருந்தால் மார்க்கம் உண்டு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஊசி செய்வதும் செய்யாததும்

இந்த மருந்து மோசடி அல்ல. 2021-ல் வெளியான பெரிய சோதனையில், 68 வாரம் ஊசி போட்டவர்கள் சராசரியாக 14.9 சதவிகித எடை இழந்தார்கள். வெறும் ஊசி போட்டவர்கள் 2.4 சதவிகிதமே இழந்தார்கள். 2023-ல், இதய நோய் உள்ள பருத்தவர்கள் 17,604 பேரை வைத்து நடத்திய சோதனையில் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவை 20 சதவிகிதம் குறைந்தன. 2025-ல் உலக சுகாதார ஸ்தாபனம் இந்த இன மருந்துகளை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஆகவே "பணக்காரன் பொழுதுபோக்கு" என்று ஒதுக்கிவிட முடியாது. சர்க்கரையோடு இதயமோ சிறுநீரகமோ கெட்டுப்போன ஒரு தொழிலாளிக்கு இது உயிர் காக்கும் மருந்து.

ஆனால் மாயமந்திரமும் அல்ல. ஊசியை நிறுத்தியவர்கள் ஒரு வருஷத்துக்குள் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றார்கள். அதாவது போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வாரம் ஓர் ஊசி, வாழ்நாள் குத்தகை. கம்பெனிக்கு இதைவிட நல்ல குத்தகைதாரன் கிடைப்பானா? மருந்து கிடைக்கும் விலையின் பிரச்னை இதனால்தான் இவ்வளவு முக்கியமாகிறது.

குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் சாதாரணமாக வரும். பித்தப்பைக் கல்லும் கணைய அழற்சியும் சிலருக்கு வரலாம். கொழுப்போடு தசையும் கரைகிறது. உடலுழைப்பால் பிழைப்பவனுக்கு அது சிறு விஷயமல்ல. டாக்டர் சொல்லாமல் மருந்துக்கடைக்காரர் பேச்சைக் கேட்டு யாரும் போட்டுக்கொள்ள வேண்டாம். கிராக்கி ஏறிய இடத்தில் போலிச் சரக்கும் நுழையும். பிரேஸில், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளில் போலிச் செமாகுளூட்டைடு பிடிபட்டதாக 2024 ஜூனில் உலக சுகாதார ஸ்தாபனமே எச்சரித்தது.

நாம் கேட்பது என்ன?

காப்புரிமைக் காலம் முடிந்தால் எல்லாம் தானே சரியாகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். விலை இறங்கும், அது நல்லதே. ஆனால் கடையில் விலை இறங்குவது வேறு, ஏழை நோயாளியின் கைக்கு மருந்து வந்து சேருவது வேறு. முன்னதைச் சந்தை செய்யலாம். பின்னதை மக்கள் கேட்டு வாங்க வேண்டும்.

முதலாவது: ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிகளிலும் சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலும், உண்மையில் தேவைப்படும் நோயாளிக்கு இந்த மருந்து இலவசமாகக் கிடைக்க வேண்டும். ஈ.எஸ்.ஐ.க்கு மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக் கொடுக்கிறோம். அது பிச்சையல்ல, உரிமை.

இரண்டாவது: பொதுத்துறையில் இதைச் செய்ய வேண்டும். 1954-ல் பிம்ப்ரியில் பெனிசிலின் ஆலை தொடங்கிய நாடு இது. 1961-ல் சோவியத் உதவியோடு ஐ.டி.பி.எல். நிறுவனத்தை எழுப்பிய நாடு இது. ஈஸ்ட் வளர்த்து மருந்து செய்யும் திறமை இந்தியத் தொழிலாளியிடமும் விஞ்ஞானியிடமும் இல்லாமல் போய்விடவில்லை. நலிய விட்ட பொதுத்துறை மருந்தாலைகளுக்கு உயிர் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது: விலையைச் சர்க்கார் கட்டுப்படுத்த வேண்டும். அத்தியாவசிய மருந்து என்று உலகம் ஒப்புக்கொண்ட பிறகு, "சந்தை தீர்மானிக்கட்டும்" என்று கைகழுவ நியாயம் இல்லை.

நான்காவதுதான் எல்லாவற்றிலும் பெரியது. ஊசி இல்லாமலேயே அந்த ஏற்பிக்குச் சேதி அனுப்பும் வழி ஒன்று உண்டு. அது நல்ல சோறு; நிதானமாக உண்ண நேரம். ஐந்து மணி வேலைக்குள் அரைமணியாவது இடைவேளை தர வேண்டும் என்று 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமே எழுதி வைத்தது. அந்த அரைமணியைக் கடிகாரத்தில் மட்டும் வைத்துக்கொண்டு, உற்பத்திக் கணக்கைக் காட்டித் தொழிலாளியை எழுப்பிவிடும் பழக்கம் ஒழிய வேண்டும். ரேஷன் கடையில் அரிசியோடு பருப்பும், கம்பு கேழ்வரகும் தாராளமாகக் கிடைக்க வேண்டும். அவற்றை வாங்கும்படியான கூலி, ஆலையிலும் வயலிலும் கிடைக்க வேண்டும்.

பட்டினி கிடக்கிறவனுக்கு நிறைவு என்ற சேதியே புறப்படுவதில்லை. மலிவு மாவில் வயிற்றை நிரப்புகிறவனுக்கு அது பலவீனமாகப் புறப்படுகிறது. இரண்டு பேரும் ஒரே தெருவில், சில சமயம் ஒரே குடும்பத்தில் இருக்கிறார்கள். இருவருக்கும் எதிரி ஒருவனே. ஆகவே, தோழர்களே, அடுத்த முறை அந்த ஊசிச் செய்தியைக் கண்டால் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். சங்கக் கூட்டத்தில் அதைப் பேசுங்கள். ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் எந்தெந்த மருந்து இருக்கிறது, எது இல்லை என்று கேட்டு எழுதி வாங்குங்கள். இல்லாததைக் கோரிக்கைப் பட்டியலில் சேருங்கள்.